கோ-டோபாவின் ஆட்சி 1198இல் முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஜப்பானின் இடைக்காலப் பேரரசர்கள் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையில் கோ-டோபாவுக்கு ஒரு சிறு பெட்டிச் செய்தி ஒதுக்கியிருந்தீர்கள். 1183 முதல் 1198 வரை ஆண்டார், கவிதையிலும் கேளிக்கையிலும் பொழுதைப் போக்கினார், பட்டம் துறந்து 23 ஆண்டு கழித்து ஷோகுனுக்கு (படைவீரர் அரசின் தலைவருக்கு) எதிராகக் கலகம் செய்து தோற்றார், தீவில் இறந்தார் என்று நாலு வரி. ஆண்டுகளில் பிழையில்லை. ஆனால் அந்த நாலு வரியைப் படிப்பவர், ஆளத் தெரியாத ஒருவர் வேலையில்லாமல் இருந்து கடைசியில் வம்பை விலைக்கு வாங்கினார் என்றுதான் நினைப்பார். நடந்தது நேர்மாறு. அரியணையில் இருந்த 15 ஆண்டில் அவர் ஆளவே இல்லை. இறங்கிய பிறகுதான் ஆண்டார். 23 ஆண்டுகள்.

முதலில் பெயர். கட்டுரையாளர் ஓரிடத்தில் ‘மன்னர் டோபா’ என்று எழுதிவிட்டார். நம் கல்வெட்டுகளில் வரும் ‘கோ’வை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. ஜப்பானிய ‘கோ’வுக்கு ‘பிந்தைய’ என்று பொருள். டோபா என்ற பேரரசர் வேறொருவர். 1103இல் பிறந்து 1156இல் இறந்தவர், கோ-டோபாவின் கொள்ளுத் தாத்தா. பேரரசர்கள் வரிசையில் கோ-டோபா 82ஆவது. இந்தப் பெயர்கூட அவர் உயிரோடு இருந்தபோது யாரும் அழைத்ததல்ல. 1239இல் இறந்ததும் கென்டோக்கு-இன் என்று பெயர் கொடுத்தார்கள், 1242இல்தான் கோ-டோபா-இன் என்று மாற்றினார்கள்.

இனி 1183. அந்த ஆண்டு டைரா குலத்தார் தலைநகரை விட்டு மேற்கே ஓடியபோது சிறுவர் பேரரசர் அன்டோக்குவையும் மூன்று அரசச் சின்னங்களையும், அதாவது கண்ணாடி, வாள், மணி மூன்றையும், கையோடு கொண்டுபோய்விட்டார்கள். கியோட்டோவில் இருந்த தாத்தா கோ-ஷிரகாவா, தலைநகரில் எஞ்சியிருந்த பேரன்களில் ஒருவரைப் பட்டத்தில் அமர்த்தினார். அவர்தான் கோ-டோபா. பிறந்தது 1180 ஆகஸ்ட். நம் கணக்கில் மூன்று வயது. (ஜப்பானியப் பழைய நூல்கள் பிறந்த ஆண்டையே ஒன்று என்று எண்ணும், அதனால் அவற்றில் எல்லா வயதும் ஒன்றோ இரண்டோ கூடியிருக்கும்.) சின்னங்கள் இல்லாமல் நடந்த பட்டமேற்பு அது. அடுத்த இரண்டு ஆண்டுக்கு நாட்டில் இரண்டு பேரரசர்கள். 1185இல் டன்-நோ-உரா கடற்போரில் அன்டோக்கு மூழ்கினார். கண்ணாடியும் மணியும் மீண்டன, வாள் மீளவில்லை. வேறு வாளை வைத்துக்கொண்டே கோ-டோபாவின் காலம் ஓடியது. 1210இல் மகன் ஜுன்டோக்குவின் பட்டமேற்பில்தான் இசே கோயிலிலிருந்து வந்த வாள் அந்த இடத்தை நிரப்பியது. அரியணை ஏறிய அன்றே ஒரு குறை ஒட்டிக்கொண்டது. இதைச் சொல்லாமல் அவருடைய வாள் மோகத்தைப் பேசினால் அது வெறும் பொழுதுபோக்காகத்தான் தெரியும்.

1192 வரை முடிவுகள் தாத்தாவுடையவை. அந்த ஆண்டு தாத்தா இறந்தார். அதே ஆண்டில், கிழக்கே காமகுராவில் படைவீரர் அரசை நடத்திவந்த மினமோட்டோ யோரிடோமோ ஷோகுன் ஆனார். அரண்மனையில் அடுத்துச் செல்வாக்கோடு இருந்தவர் குஜோ கனெசானே. 1196இல் அவரைத் தள்ளிவிட்டு மினமோட்டோ மிச்சிசிக்கா வந்தார். 1198இல் கோ-டோபா மூத்த மகன் சுச்சிமிகாடோவுக்குப் பட்டம் கட்டிவிட்டு இறங்கியபோது அவருக்கு 17 வயது, மகனுக்கு இரண்டு.

பதினேழு வயதில் ஏன் இறங்க வேண்டும்? உங்கள் கட்டுரை முழுவதுமே சறுக்கியது இந்த இடத்தில்தான். அரியணையில் இருப்பவர் சடங்குக்குக் கட்டுப்பட்டவர். வாசலைத் தாண்டினாலே அது ஊர்வலம். பட்டத்தில் இருப்பவர் சிறுவன் என்றால் செஷ்ஷோ, பெரியவர் என்றால் கம்பாக்கு என்று ஃபுஜிவாரா குலத்தார் பக்கத்தில் உட்கார்ந்து ஆள்வார்கள். அவர்கள் பிடி பெரும்பாலும் தாய்வழி உறவில் வருவது. 1086இல் ஷிரகாவா இதற்கு ஒரு மாற்று கண்டார். மகனை அரியணையில் ஏற்றிவிட்டு, தாய்வழி உறவு செல்லுபடியாகாத ‘தந்தை’ என்ற உரிமையோடு வெளியே உட்கார்ந்து ஆண்டார். பட்டம் துறந்தவருக்குத் தனி மாளிகை, தனி அலுவலகம், தனிக் காவற்படை. அவர் அலுவலகத்திலிருந்து போகும் ஓலைக்கு ‘இன்சென்’ என்று பெயர். இந்த முறைக்கு ‘இன்செய்’ என்கிறார்கள். பட்டம் துறந்தவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் இருப்பதும் உண்டு, அதில் ஒருவரிடம்தான் உண்மையான பிடி இருக்கும். ஆகவே ஜப்பானியப் பேரரசர் பட்டியலில் ‘ஆட்சிக்காலம்’ என்று அச்சாகும் எண்களை 1086க்குப் பிந்தைய காலத்தில் அப்படியே எடுத்துப் போட்டால், யார் நாற்காலியில் இருந்தார் என்பது மட்டும்தான் தெரியும்.

கோ-டோபாவின் பிடி எவ்வளவு என்பதற்குச் சில செய்திகள் போதும். 1210இல் மூத்த மகனை இறக்கிவிட்டு இளைய மகன் ஜுன்டோக்குவை ஏற்றினார். எதிர்த்துப் பேச ஆளில்லை. தாத்தா காலத்துக்கு முன்பிருந்தே இருந்த ‘வடபுறக் காவலர்’ படையோடு ‘மேற்புறக் காவலர்’ என்ற இன்னொரு படையைச் சேர்த்தார். ஹச்சிஜோ-இன் என்ற இளவரசியின் பெயரில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட மானிய நிலங்கள் 1211க்குப் பிறகு அவர் குடும்பத்துக்குள் வந்தன. குமானோ தலத்துக்கு 28 முறை யாத்திரை போனார். 1201இல் கூடவே போன கவிஞர் ஃபுஜிவாரா டெய்காவின் நாட்குறிப்புப்படி, பத்தாம் மாதம் 5ஆம் நாள் புறப்பட்டு 26ஆம் நாள் திரும்பியிருக்கிறார்கள், 22 நாள். அரியணையில் இருப்பவரால் இப்படி ஒருமுறைகூடப் போக முடியாது. 1206 கடைசியில் அவர் இப்படி யாத்திரை போயிருந்த சமயம், அரண்மனைப் பெண்கள் சிலர் ஹோனென் என்ற துறவியின் சீடர்கள் நடத்திய இரவு வழிபாட்டில் போய்ச் சேர்ந்தார்கள். 1207இல் சீடர்களில் அன்ராக்கு, ஜூரென் உள்ளிட்டோர் தலை போயிற்று; ஹோனெனும் ஷின்ரனும் நாடு கடத்தப்பட்டார்கள். ஜப்பானியப் பௌத்தத்தின் இரு பெரும் பிரிவுகளின் நிறுவனர்களை ஒரே வீச்சில் ஊரைவிட்டு அனுப்பியவரைப் ‘பட்டம் துறந்தவர்’ என்று இரண்டு சொல்லில் கடப்பது சரியா?

‘கவிதையில் பொழுதைப் போக்கினார்’ என்ற வரிக்கு வருகிறேன். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பேரரசர் ஆணைப்படி வாகா என்ற ஜப்பானிய மரபுக் குறும்பாடல்களைத் தொகுப்பது அரசு வேலை. 905இல் வந்த கொகின்ஷூ முதல் தொகை. அதற்குச் சரியாக 300 ஆண்டு கழித்து எட்டாவது தொகையைத் தன் பெயரில் கொண்டுவர வேண்டும் என்பது கோ-டோபாவின் கணக்கு. 1200இல் கவிஞர்களிடம் ஆளுக்கு நூறு பாட்டு கேட்டார். அடுத்து 30 கவிஞர்கள், ஆளுக்கு நூறு பாட்டு என்று 3,000 பாட்டு வாங்கி, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என இணை சேர்த்து 1,500 சுற்றுப் போட்டி நடத்தினார். நடுவர்கள் பத்துப் பேர், அதில் அவரும் ஒருவர். சரக்கைச் சேர்த்துக்கொண்டே தொகுப்பு வேலையையும் தொடங்கினார். 1201 ஏழாம் மாதம் ‘வாகாடோகோரோ’ என்ற பாட்டு அலுவலகத்தை நிறுவினார். பதினோராம் மாதம் ஆறு பேருக்குத் தொகுக்கும் ஆணை: மிச்சிடோமோ, அரியே, டெய்கா, இயெடகா, மசாட்சுனே, துறவி ஜக்குரென். ஜக்குரென் 1202இல் இறந்துவிட, எஞ்சியது ஐந்து பேர்.

மற்றத் தொகைகளில் ஆணை கொடுத்தவர் நூல் கைக்கு வரும்வரை காத்திருப்பார். இங்கே தொகுப்பித்தவரே தொகுத்தவர். ஐந்து பேர் கொண்டுவந்ததை எடுத்துவைத்துக்கொண்டு அவரே ஒவ்வொன்றாகச் சலித்தார். அலுவலகத்தின் செயலர் இயெனாகாவின் குறிப்பின்படி ஏறக்குறைய இரண்டாயிரம் பாட்டும் அவருக்கு மனப்பாடம். அடுத்தது வகைப்படுத்தல். மொத்தம் 20 சுருள்: இளவேனில் இரண்டு, கோடை, இலையுதிர்காலம் இரண்டு, குளிர்காலம், வாழ்த்து, இரங்கல், பிரிவு, பயணம், காதல் ஐந்து என்று போகும். ஒரு சுருளுக்குள் பாட்டுகள் காலவரிசையிலோ கவிஞர் வரிசையிலோ நிற்பதில்லை. பனி உருகுவது, மூடுபனி, பிளம் பூ, செர்ரி மொட்டு, செர்ரி உதிர்வது என்று பருவம் நகர்வதைப்போல, முன் பாட்டில் உள்ள ஒரு சொல்லோ காட்சியோ அடுத்த பாட்டைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நம் அந்தாதி தெரிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஆனால் இங்கே கண்ணிகளை எழுதியவர்கள் நூற்றாண்டுகள் தள்ளி வாழ்ந்த வெவ்வேறு ஆட்கள். ஒன்றை உருவினால் இரண்டு பக்கமும் அறுந்துபோகும்.

1205 மூன்றாம் மாதம் 26ஆம் நாள் நூல் நிறைவு விருந்து நடந்தது. அன்று ஜப்பானிய மொழி முன்னுரை இன்னும் தயாராகவில்லை. இப்படி ஒரு விருந்துக்கு முன்னுதாரணம் இல்லை என்று டெய்கா போகவே இல்லை. அவர் சொன்னதில் நியாயம் உண்டு, ஏனெனில் நூல் முடியவில்லை. விருந்து முடிந்த சில நாளிலேயே ‘கிரிட்சுகி’ தொடங்கிவிட்டது. வெட்டி ஒட்டுவது என்று பொருள். சொல்லுக்கேற்ற செயல்தான்: சுருளை விரித்து, வேண்டாத பாட்டு உள்ள துண்டைக் கத்தியால் அறுத்தெடுத்து, புதிய பாட்டு எழுதிய தாளை அந்த இடத்தில் பசை வைத்து இணைப்பது. வேலை இத்தோடு முடியாது. முந்தைய ஏழு அரசுத் தொகைகளில் வந்த பாட்டு இதில் வரக்கூடாது என்பது விதி. நினைவுப் பிசகில் சில நுழைந்துவிட்டன, அவற்றைத் தேடிப் பிடித்து நீக்க வேண்டும். நீக்கிய இடத்துக்கு அதே பருவம், அதே பொருள், முன்னும் பின்னும் பொருந்தும் இன்னொரு பாட்டு வேண்டும். அடுத்தடுத்து ஒரே கவிஞருடைய பாட்டு என்றால் பெயரை மறுபடி எழுதாமல் விடுவது வழக்கம். நடுவில் ஒன்றைச் சொருகினால் பின்னால் உள்ள பாட்டு தவறான ஆளின் பெயரில் போய் நிற்கும். இதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். 1207இல் ஒரு கோயிலின் கதவு ஓவியங்களுக்காக எழுதப்பட்ட பாட்டுகள் 1205இல் ‘முடிந்த’ நூலுக்குள் இருப்பது இப்படித்தான். ஷின் கொகின்ஷூ என்ற இந்த நூலில் இன்று ஏறக்குறைய 1,980 பாட்டு. அதிகப் பாட்டு துறவி சைக்யோவுக்கு, 94. டெய்காவுக்கு 46. கோ-டோபா தனக்கு முப்பதுக்குச் சற்று மேல் வைத்துக்கொண்டார்.

அவர் பாட்டு ஒன்றையாவது கட்டுரையில் தந்திருக்கலாம். மினாசே ஆற்றைப் பற்றியது, இளவேனில் முதற் சுருளில் இருக்கிறது. கருத்து இவ்வளவுதான்: கண்ணெட்டும் தூரம் வரை பார்க்கிறேன், மலையடிவாரம் மூடுபனியில் மங்குகிறது, மினாசே ஆறு ஓடுகிறது, அந்திப் பொழுதின் அழகு இலையுதிர்காலத்துக்கே உரியது என்று ஏன்தான் நினைத்திருந்தேனோ! அரண்மனை இலக்கியத்தில் ‘இலையுதிர்காலம் என்றால் அந்தி’ என்பது இருநூறு ஆண்டாக ஊறிய வாய்பாடு. அதை மறுத்து வாதாடாமல், ஒரு வசந்தகால மாலையைக் காட்டிவிட்டுத் தன்னையே கேட்டுக்கொள்கிறார். மினாசே, கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையில் அவர் மாளிகை இருந்த ஊர்.

இந்தத் தொகைக்கும் அரசியலுக்கும் ஒரு கயிறு ஓடியது. 1205லேயே இதன் படி ஒன்று காமகுராவுக்குப் போயிற்று. பெற்றவர் மூன்றாம் ஷோகுன் சனெடோமோ, பதின்மூன்று வயதுப் பையன். ‘சனெடோமோ’ என்ற பெயரைச் சூட்டியவரே கோ-டோபாதான்; அவருக்கு மனைவியாகப் போனவர் கோ-டோபாவின் தாய்மாமன் மகள். சனெடோமோ டெய்காவிடம் பாட்டைத் திருத்தி வாங்கினார். மலை பிளந்தாலும் கடல் வற்றினாலும் என் அரசரிடம் எனக்கு இரண்டு மனம் இல்லை என்று பாடியவர் அவர். படையனுப்பாமல் காமகுராவைக் கைக்குள் வைத்துக்கொள்ள இதைவிட மலிவான வழி உண்டா? பொழுதுபோக்கு என்று எழுதியவர் இந்த இடத்தை ஒருமுறை யோசிக்கலாம்.

கேளிக்கை என்று கட்டுரையாளர் சொன்னதில் பந்து விளையாட்டு சேரும். 1208இல் கெமாரி ஆட்டத்தின் ஆசான்களே அவருக்கு ஆட்டத்தலைவர் பட்டம் கொடுத்தார்கள், அதை விட்டுவிடலாம். வாளை விட முடியாது. பிற்கால வாள் நூல்கள் தரும் செய்தியின்படி பிசென், பிச்சூ, கியோட்டோவின் அவடகுச்சி ஆகிய இடங்களின் கொல்லர்களை மாத முறை வைத்து வரவழைத்தார். முதல் மாதம் பிசெனின் நோரிமுனே, இரண்டாம் மாதம் பிச்சூவின் சடட்சுகு என்று அந்தப் பட்டியல் போகிறது. சில வாள்களுக்கு அவரே தோய்ச்சல் கொடுத்தார் என்கிறார்கள். அவற்றில் கொல்லர் பெயர் இருக்காது. அடிப்பகுதியில் ஒரு செவ்வந்திப் பூ மட்டும் வெட்டியிருக்கும். ஜப்பானிய அரச குடும்பத்தின் செவ்வந்திச் சின்னத்தை இவரிடமிருந்து தொடங்குவதும் இதனால்தான்.

தோய்ச்சல் மட்டும் என்றால் ஏதோ பெயருக்குக் கை வைத்தார் என்று தோன்றலாம். கொல்லன் பட்டறை தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அடித்து முடித்த வாளின் மேல் களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் மூன்றும் குழைத்துப் பூசுவார்கள். முதுகுப் பக்கம் தடிப்பாக, வாய்ப் பக்கம் மெல்லிசாக. பிறகு உலையில் வைத்து ஏறக்குறைய 750 முதல் 800 டிகிரி வரை சூடேற்றித் தண்ணீரில் இறக்குவார்கள். சூட்டை அளக்கக் கருவி கிடையாது, நிறம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் பட்டறையை இருட்டாக்கிக்கொண்டு செய்வார்கள். மெல்லிய பூச்சுள்ள வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகும், தடித்த பூச்சுள்ள முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளைந்துகொடுக்கும் தன்மையோடு நிற்கும். வாயில் இறுகிய இரும்பு சற்றே விரிவதால் வாள் முதுகுப் பக்கமாக வளைகிறது. அந்த அழகான வளைவின் பெரும்பகுதி தண்ணீரில் விழுவது. சூடு குறைந்தால் வாய் கடினப்படாது. கூடினால் மணிமணியாகப் பொரிந்து, வாய்க்குக் குறுக்கே மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசலுக்கு மருந்தில்லை. பல நாள் வேலை ஒரு நொடியில் வீண். பூச்சு ஓரிடத்தில் உரிந்தாலும் அந்த இடம் தனியாகத் தெரியும்.

இனி 1221. அவர் ஷோகுனை எதிர்த்துப் போரிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆண்டு ஷோகுனே கிடையாது. 1219 முதல் மாதம் காமகுராவின் ட்சுருகவோக்கா ஹச்சிமன் கோயிலில் சனெடோமோவை அண்ணன் மகன் குக்யோ வெட்டிக் கொன்றார். அரச மகன் ஒருவரை ஷோகுனாக அனுப்புங்கள் என்று காமகுரா கேட்டது, கோ-டோபா மறுத்தார். தன் பிரியத்துக்குரிய கமெகிக்குவுக்குக் கொடுத்திருந்த செட்சு நாட்டின் நகாயே, குரஹாஷி என்ற இரண்டு நிலங்களில் காமகுரா நியமித்த ஜிடோக்களை, நம் பக்கத்து மணியக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம், நீக்கச் சொன்னார். ஷோகுன் பெயரில் ஆட்சியை நடத்தும் ‘ஷிக்கென்’ பதவியில் இருந்த ஹோஜோ யோஷிடோக்கி மறுத்து, தம்பி டோக்கிஃபுசாவை ஆயிரம் குதிரை வீரர்களோடு கியோட்டோவுக்கு அனுப்பினார். ஒரு பெண்ணுக்காகச் சண்டை என்று இதைச் சுருக்குபவர்கள் உண்டு. யோஷிடோக்கி ஏன் இரண்டே நிலத்துக்காக விட்டுக்கொடுக்கவில்லை என்று பார்க்க வேண்டும். யோரிடோமோ நியமித்த ஜிடோவைக் குற்றம் இல்லாமல் நீக்க முடியும் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், கிழக்கில் ஒரு வீரனுக்கும் தன் நிலம் நிலைக்கும் என்ற நம்பிக்கை இருக்காது. கடைசியில் குஜோ குடும்பத்து ஒரு வயதுக் குழந்தை காமகுராவுக்குப் போனது. அது ஷோகுன் ஆனது 1226இல்தான். கோ-டோபாவின் ஆணையும் யோஷிடோக்கி என்ற ஒரு தனி ஆளின் பெயரைத்தான் குறிப்பிட்டது.

தேதிகள் சந்திர நாட்காட்டிப்படி தருகிறேன். ஐந்தாம் மாதம் 14ஆம் நாள் குதிரை மேலிருந்து அம்பெய்யும் விழா என்று சொல்லிப் படை திரட்டினார். 15ஆம் நாள் ஆணை பிறந்தது. கியோட்டோவில் காமகுராவின் ஆளான இகா மிட்சுசுயே கொல்லப்பட்டார். கணக்கு இதுதான்: கிழக்கத்திய தலைவர்களுக்கு ஓலை போனதும் அவர்களே யோஷிடோக்கியைத் தீர்த்துவிடுவார்கள். 23 ஆண்டு எழுதியதெல்லாம் நடந்ததைப் பார்த்தவருக்கு இது அசட்டுக் கணக்காகத் தோன்றியிராது. ஆனால் கியோட்டோவில் இருந்த மியுரா டனெயோஷி தன் அண்ணன் யோஷிமுராவுக்கு எழுதிய கடிதத்தை, அண்ணன் நேரே யோஷிடோக்கியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஓலைகளோடு வந்த தூதன் ஒஷிமட்சு 19ஆம் நாள் காமகுராவிலேயே பிடிபட்டான். யோரிடோமோவின் விதவை மசாக்கோ, கூடியிருந்த வீரர்களுக்குச் சொன்ன செய்தியில் ‘யோஷிடோக்கிக்கு எதிரான ஆணை’ என்பது ‘யோரிடோமோ உங்களுக்குச் செய்த நன்மைக்கு எதிரான ஆணை’ ஆகிவிட்டது.

ஹகோனே கணவாயில் நின்று தடுப்பதா, புறப்பட்டுப் போவதா என்று விவாதம் நடந்தது. நாள் கடந்தால் ஆட்களின் மனம் மாறும், உடனே கிளம்புங்கள் என்றார் ஓயே ஹிரோமோட்டோ. கியோட்டோவில் வளர்ந்த எழுத்தர், வாள் பிடித்தவரல்லர். 22ஆம் நாள் யோஷிடோக்கியின் மகன் யசுடோக்கி வெறும் 18 குதிரையோடு புறப்பட்டார். வழிநெடுக ஆள் சேர்ந்தது. மூன்று பாதையிலுமாக 1,90,000 குதிரை என்று காமகுராவின் ஏடான அஸுமா ககாமி எழுதியதை உங்கள் கட்டுரையும் அப்படியே எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்து ஏடுகளில் இந்த மாதிரி எண்கள் ‘ஏராளம்’ என்பதற்கு மறுபெயர். அத்தனை குதிரைக்கு அந்தப் பாதையில் புல் கிடைக்குமா என்று ஒரு வரி யோசித்தால் போதும்.

கியோட்டோப் படை ஓவாரி, மினோ எல்லை ஆற்றங்கரையில் துறைக்குத் துறை பிரிந்து நின்றது. எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து ஆற்றைக் கடந்து தாக்குவோம் என்று யமடா ஷிகெடடா சொன்னதாகவும், தளபதி கேட்கவில்லை என்றும் ஜோக்யூகி என்ற போர் ஏடு சொல்கிறது. ஆறாம் மாதம் 6ஆம் நாளுக்குள் அந்த வரிசை கலைந்தது. 13, 14ஆம் நாட்களில் உஜியிலும் செட்டாவிலும் சண்டை. மழையில் உஜி ஆறு பெருகியிருந்தது. கடக்க முயன்றவர்களில் பலர் அடித்துச் செல்லப்பட்டார்கள், ஆனாலும் ஆழம் பார்த்துக் கடந்துவிட்டார்கள். தோற்று ஓடிவந்த ஷிகெடடாவும் டனெயோஷியும் கோ-டோபாவின் மாளிகைக் கதவைத் தட்ட, எங்காவது போய்விடுங்கள் என்று பதில் வந்ததாம். கோழையை நம்பி மோசம் போனோம் என்று ஷிகெடடா கதவில் அடித்துக் கத்தினார் என்கிறது அதே ஏடு. அவரை எவ்வளவு மதித்தாலும் இந்த இடத்தில் என்னால் பரிந்து பேச முடியாது.

15ஆம் நாள், ஆணை பிறந்து சரியாக ஒரு மாதம் கழித்து, யசுடோக்கி கியோட்டோவுக்குள் வந்தார். இது என் எண்ணம் அல்ல, சூழ இருந்தவர்களின் சதி என்று கோ-டோபா ஓர் ஓலை அனுப்பினார். யசுடோக்கி குதிரையை விட்டு இறங்கி மரியாதையோடு வாங்கிக்கொண்டு, இதைப் படிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டாராம். ஐயாயிரம் பேரில் ஃபுஜிடா சபுரோ என்ற ஒருவர்தான் கிடைத்தார். அஸுமா ககாமியில் உள்ள இந்தக் காட்சியை நம்பலாமா வேண்டாமா என்பது வேறு. ஓலையால் ஆண்டவர் எந்தப் படையிடம் தோற்றார் என்பதை அந்த ஏடே சொல்லிவிடுகிறது. அந்த ஆணையை எழுத்தில் வடித்த ஹமுரோ மிட்சுசிக்கா, போர் வேண்டாம் என்று பலமுறை எழுதிக் கொடுத்தவர். காமகுராவுக்குப் போகும் வழியில் அவர் தலையை வெட்டினார்கள். அந்த எச்சரிக்கைக் கடிதங்கள் பிறகுதான் கிடைத்தன, யசுடோக்கி வருந்தினார் என்கிறார்கள்.

விளைவுகளைக் கட்டுரை ஓரளவு சரியாகவே சொன்னது. விட்டுப்போனது மட்டும்: ஜுன்டோக்கு சாடோ தீவுக்குப் போனார், போரில் சம்பந்தமில்லாத சுச்சிமிகாடோ தானாகவே டோசாவுக்குப் போனார். ஏறக்குறைய 3,000 நிலங்கள் பறிமுதலாகி அவற்றில் கிழக்கத்திய வீரர்கள் ஜிடோவாக அமர்ந்தார்கள். கியோட்டோவைக் கண்காணிக்க ரொக்குஹாராவில் காமகுராவின் அலுவலகம் வந்தது. புதிய பேரரசர் கோ-ஹோரிகாவாவுக்கு வயது ஒன்பது. அவருடைய தந்தை மொரிசடா, அரியணையே ஏறாதவர், ‘பட்டம் துறந்தவர்’ ஆக்கப்பட்டார். இந்த மொரிசடா கோ-டோபாவின் அண்ணன். 1183இல் டைரா குலத்தார் கையில் மேற்கே போய்விட்டதால் அன்று பட்டத்தைத் தவறவிட்டவர்.

படத்துக்குக் கீழே ‘முடிசூட்டு விழாவில் கோ-டோபா’ என்று போட்டிருந்தீர்கள். முடிசூடியபோது அவருக்கு மூன்று, நான்கு வயது என்று மேலே உங்கள் கட்டுரையே சொல்கிறது. படத்தில் இருப்பவருக்கு மீசை இருக்கிறது. 1221 ஏழாம் மாதம் 8ஆம் நாள், தலை மழித்துத் துறவு கொள்வதற்கு முன் ஃபுஜிவாரா நொபுசானேயை வரவழைத்து வரையச் சொன்ன படம் என்று வழிவழியாகச் சொல்லப்படுவது அது. மினாசே கோயிலில் இருக்கிறது. ஐந்து நாள் கழித்து ஒக்கி தீவுக்குப் புறப்பட்டார்.

ஒக்கியில் 19 ஆண்டு என்று எழுதுவது முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் சேர்த்து எண்ணும் வழக்கம். நாள் கணக்கில் பதினேழரை. நகனோஷிமா என்ற தீவில், இன்றைய அமா ஊரில் இருந்தார். இந்தத் தீவின் புதிய காவலாள் நான், ஒக்கிக் கடலின் முரட்டுக் காற்றே, பார்த்து வீசு என்று பாடியது அங்கேதான். ஒக்கியில் இன்றும் நடக்கும் காளைகளின் முட்டுச் சண்டை அவருக்குப் பொழுது போகத் தொடங்கியது என்பார்கள். அவர் பொழுதைப் போக்கியது வேறு வகையில். இயெடகா போன்ற சிலர் கடல் கடந்து பாட்டு அனுப்பினார்கள். 1236இல் 16 கவிஞர்கள், ஆளுக்குப் பத்துப் பாட்டு, 80 சுற்று என்று தீவிலிருந்தே போட்டி நடத்தினார். ஷின் கொகின்ஷூவை மறுபடி விரித்து ஏறக்குறைய 400 பாட்டைத் தள்ளி 1,600 அளவில் நிறுத்தினார். முதலில் தன்னுடையதை முப்பதுக்கு மேல் வைத்தது தவறு என்று பின்னுரையில் அவரே எழுதினார்.

டெய்கா கடைசிவரை எழுதவில்லை. 1220லேயே ஒரு பாட்டால் கோ-டோபாவின் கோபத்துக்கு ஆளாகி விலக்கி வைக்கப்பட்டவர் அவர். 1235இல் அடுத்த தொகையை டெய்கா முடித்தபோது, காமகுராவுக்குப் பயந்து கோ-டோபா, ஜுன்டோக்கு பாட்டுகளை எடுத்துவிடச் செய்தார்கள். ஆனால் டெய்கா பெயரால் வழங்கும் நூறு கவிஞர் நூறு பாட்டு என்ற தொகுப்பில் 99ஆவது கோ-டோபா, 100ஆவது ஜுன்டோக்கு. இன்று ஜப்பானில் புத்தாண்டுச் சீட்டாட்டத்தில் பிள்ளைகள் கை நீட்டிப் பறிக்கும் சீட்டுகள் அவை.

1239 இரண்டாம் மாதம் 9ஆம் நாள், மினாசேயைக் கவனித்துவந்த ஃபுஜிவாரா சிக்கனாரிக்கு ஓர் உயில் எழுதி, தன் இரண்டு உள்ளங்கைகளையும் சிவப்பில் தோய்த்து அந்தத் தாளின் மேல் பதித்தார். 22ஆம் நாள் இறந்தார். அந்தத் தாளும் மினாசேயில் இருக்கிறது. 1488 முதல் மாதம் 22ஆம் நாள் சோகி, ஷோஹாக்கு, சோச்சோ என்ற மூன்று கவிஞர்கள் அங்கே அவருக்குக் காணிக்கையாக நூறு கண்ணிகள் தொடுத்தார்கள். முதல் கண்ணியில், பனி இன்னும் இருக்க மலையடிவாரம் மூடுபனியில் மங்கும் அந்தி என்று சோகி தொடங்கியது எதைத் தொட்டு என்று இதுவரை படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திருத்தம் போடுவதாக இருந்தால் பெட்டிச் செய்தியின் முதல் வரியை மட்டும் இப்படி மாற்றினால் போதும்: ‘அரியணையில் 1183–1198, பட்டம் துறந்தவராக ஆட்சி 1198–1221.’ படக்குறிப்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஜப்பானிய வரலாறு படித்துவரும் வாசகர்,
மதுரை.